உலராத ‘உலர் அழுகல்’

பழைய வீட்டின் மரத்தரை இற்றுப்போவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘டிரை ராட்’, அதாவது உலர் அழுகல். பெயரே பிழையானது. உலர்ந்த மரம் அழுகுவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டிய மரத்தில்தான் பூஞ்சை பற்றும். அழிவு முற்றியபின் கட்டை காய்ந்து, கட்டங்கட்டமாக வெடித்துக் கிடக்கும். பெயர் அந்த இறுதிநிலையையே சுட்டுகிறது. விளைவுக்கு இட்ட பெயர் காரணத்தை மறைத்துவிட்டது. ‘செர்புலா லாக்ரிமான்ஸ்’ என்னும் அறிவியற்பெயர் இதைவிட நேர்மையானது. ‘லாக்ரிமான்ஸ்’ என்றால் கண்ணீர் வடிப்பது. அப்பூஞ்சையின்மேல் நீர்த்துளிகள் அரும்புவதால் வந்த பெயர். இமயமலைக் காடுகளில் அது இயற்கையாகவே வளர்கிறது.

இந்தப் பெயர்க்குழப்பத்தின் விலையைச் சிம்லா போன்ற மலைநகரங்களின் பழைய வீடுகள் கொடுக்கின்றன. கல் அடித்தளத்தின்மேல் விட்டங்களைக் கிடத்தி, பலகை பாவி, அடியில் காற்று உலவ இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட தரைகள் அவை. பாதையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போடும்போது சுவரின் காற்றுத்துளைகள் புதைகின்றன. குளிருக்கும் எலிக்கும் அஞ்சி எஞ்சியவற்றையும் அடைத்துவிடுகின்றனர். போதாக்குறைக்குப் பலகையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. தேவதாருவின் வைரம் எளிதில் அழுகாது. வெளிறோ அத்தகைய காப்பற்றது. ஆனாலும் பழி மரத்தின்மீதே விழுகிறது.

‘பெயர்த்தெறிந்து சிமென்ட் தளம் போட்டால் கவலை தீரும்’ என்பது ஒப்பந்தக்காரரின் வாதம். செலவு நோக்கில் அதைப் புறந்தள்ள இயலாது. ஆனால் நீர் புகாத தளத்தின் அடியிலுள்ள ஈரம் மறைந்துவிடாது, பக்கச்சுவருக்கு நகரும். அங்கே இருப்பது மரச்சட்டங்களுக்கிடையே கல்லும் மண்ணும் நிரப்பிய தஜ்ஜிச் சுவர் என்றால், அதன் அடிச்சட்டம் அழுகத் தொடங்கும். 1905ஆம் ஆண்டு காங்ரா நிலநடுக்கத்தைக் கண்ட நிலப்பகுதியில், அதிர்ச்சியைத் தாங்கவல்ல சுவரைத் தரைக்காகப் பலியிடுவது சிக்கனமாகாது.

சீரமைப்பின் வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் நீர்வரத்து: கூரைநீர்க் கால்வாய், கசியும் குழாய், உயர்ந்துவிட்ட வெளிநிலம். அடுத்து காற்று: துளைகளைத் திறந்து, அடியில் குவிந்த குப்பையை அகற்றுதல். பிறகு உலரப் பல மாதங்கள் விடுதல். அதன்பின்பே மரம்: அழுகிய விட்டமுனையை நல்ல பகுதிவரை வெட்டி, உலர்ந்த புதுக்கட்டையை இணைத்து, அது கல்லைத் தொடுமிடத்தில் ஈரத்தடுப்பு வைத்தல்.

பழைய கட்டடங்களில் இயங்கும் கல்வி நிறுவனங்களேனும் பராமரிப்பு மதிப்பீட்டின் முதல் வரியில் ‘எத்தனை சதுர அடி’ என்பதற்குமுன் ‘நீர் எங்கிருந்து வருகிறது’ என்ற வினாவை எழுதவேண்டும். அதற்கு விடை கிடைக்கும்வரை ஒரு பலகையையும் மாற்றுவது வீண்.