அருவிக்கு மேலே இருப்பவர்கள்

ஊவா மாகாணத்தின் நீர்வீழ்ச்சிகளைக் காண வருவோருக்காக அடிவாரத்தில் வாகனத் தரிப்பிடமும் கடை வரிசையும் கைப்பிடிக் கம்பியும் நுழைவுச்சீட்டுக் கருமபீடமும் அமைத்துவிட்டால் நீர்வீழ்ச்சியைப் பராமரிக்கும் பொறுப்பு நிறைவேறிவிட்டது என்ற எண்ணம் நிர்வாகத்தில் வேரூன்றியுள்ளது. இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதும், நீர்வீழ்ச்சி ஒன்றைப் பேணும் வேலை அது விழும் பாறையின் உச்சிக்கு மேலே, தண்ணீர் ஊறும் காட்டிலும் தேயிலை மலையிலும் லயன் குடியிருப்பிலும் தொடங்க வேண்டும் என்பதும் இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

பதுளை மாவட்டத்துக்கு இயற்கை வழங்கிய கொடை பெரிது. ஹல்துமுல்லைப் பகுதியில் கலுபஹனைக்கு அருகே 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த, இலங்கையிலேயே மிக உயரமான நீர்வீழ்ச்சியாகும். கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையே நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் தியலும 220 மீற்றர் உயரமுடையது. பதுளை நகருக்குச் சில கிலோமீற்றர் தொலைவில், காட்டுப்பாதையில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்து சென்று காண வேண்டிய துன்ஹிந்த, பதுளு ஓயாவின் நீரை 64 மீற்றர் ஆழத்துக்கு வீழ்த்தி மகாவலியை நோக்கி அனுப்புகின்றது. எல்ல–வெல்லவாய வீதியை ஒட்டி விழும் இராவணா எல்ல 25 மீற்றர் உயரமே கொண்டதாயினும், வாகனத்திலிருந்து இறங்கியதும் எட்டிவிடக்கூடியதாக இருப்பதால் அங்கே எப்போதும் கூட்டம் மிகுதி. மத்திய மலைநாடு தெற்கே தாழ்நிலத்தை நோக்கிச் சரிவாக இறங்காமல் செங்குத்தான சுவராக முடிவதே, துன்ஹிந்த தவிர்ந்த ஏனைய மூன்றும் அந்தச் சுவரின் மீது அமைந்திருப்பதற்குக் காரணம். இமயமலையின் நிலவியலை ஆராய்ந்து புகழ்பெற்றவரும் 1938இல் இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பொறுப்பேற்றவருமான டி. என். வாடியா, இத்தீவின் நிலம் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று படிகளில் அமைந்திருப்பதை நிலத்தின் மேலெழுச்சியோடு தொடர்புபடுத்தி விளக்கினார். படியின் விளிம்பில் தோன்றுவதே நீர்வீழ்ச்சி எனில், அதன் உயிர் விளிம்பில் இல்லை, விளிம்புக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் இருக்கின்றது என்பதையும் அந்த விளக்கத்தின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம்.

அந்த மேட்டுநிலத்தின் நீர்க்கணக்கு மிகவும் நுட்பமானது. ஊவாவுக்கு மழை தருவது பெரும்பாலும் ஒக்டோபரில் தொடங்கும் பருவ இடைமழையும் அதைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்றும் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் தன் நீரை இறக்கிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் மீது உலர்ந்த காற்றாக வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தையும் தனி விலையையும் பெற்றுத் தருவது இந்த உலர்காற்றே. அருவிகள் மெலிவதும் லயன் பீலிகளில் நீர் நூலாக இழைவதும் அதே மாதங்களில்தான். (மலைச் சரிவிலுள்ள ஊற்றின் நீரை மூங்கில் அல்லது குழாய் வழியே கொண்டுவந்து விழச்செய்யும் இடத்தைத் தோட்ட மக்கள் பீலி என்பர், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் குடத்தில் பிடிப்பதற்கும் அதுவே நிலையம்.) உலர்காலத்தில் மழை பெய்யாதபோதும் ஓடையில் ஓடும் நீரை நீரியலாளர் அடியோட்டம் என்பர், முந்தைய மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கி, உக்கிய பாறையின் வெடிப்புகளில் தங்கி, மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளிவரும் நீர் அது. மேலே காடும் மண்ணும் நலமாக இருந்தால் ஆகஸ்டிலும் அருவியில் நீர் இருக்கும். அவை சிதைந்தால் நவம்பரில் சேற்று வெள்ளமும் ஆகஸ்டில் வெறும் பாறையும் எஞ்சும்.

சிதைவின் வரலாறு புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்த பின் தேயிலைக்காகவும், ஊவாவின் மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. அந்தக் கடும் உழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று அம்மலைகளில் வாழ்கின்றனர். சிக்கிமிலும் இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் ஆண்டுக்கணக்கில் அலைந்து தாவரங்களைத் தொகுத்தவரும் பின்னர் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராக இருந்தவருமான ஜோசப் டால்டன் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் அழிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும் என 1873இல் பரிந்துரைத்தார். மலையுச்சிக் காடுகள் ஓரளவேனும் எஞ்சியிருப்பதில் அந்தப் பரிந்துரைக்குப் பங்குண்டு. எனினும் எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலும் பதுளை நகர் அதனிலும் தாழ்வாகவும் அமைந்துள்ள ஊவாவில், ஊற்றுக்கண்களில் மிகப் பல அந்த 5,000 அடிக் கோட்டுக்குக் கீழேதான் உள்ளன. கோட்டுக்கு மேலே காடு காக்கப்பட்டபோதும் கோட்டுக்குக் கீழே ஊற்றுக்குக் காவல் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் வெறுஞ்சரிவுகளை மூடுவதற்கென நடப்பட்ட பைன் மரங்களும், உலர்காலத்தில் மானாப்புல் நிறைந்த பத்தனைப் புல்வெளிகளில் வைக்கப்படும் தீயும் நிலைமையைச் சீராக்கவில்லை. 1979இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இராவணா எல்லப் பகுதியின் மலைகளே அடிக்கடி தீக்கிரையாகின்றன.

இந்நிலையில், அருவிக்கு மேலே வாழ்பவர்கள் எந்நிலையில் உள்ளனர் என்பதை நோக்க வேண்டும். தியலுமவில் விழும் நீர் பூனாகலைப் பகுதியில் பிறந்து, அருவியாக விழுந்த பின் குடா ஓயா வழியாகக் கிரிந்தி ஓயாவைச் சேர்கின்றது. அண்மைக் காலத்தில் தியலுமவின் உச்சியிலுள்ள பாறைத் தடாகங்களில் குளிப்பதற்காக உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் பூனாகலைப் பக்கமாகத் தேயிலை மலைகளைக் கடந்து நடந்து செல்கின்றனர். அவர்கள் கடந்து செல்லும் மலைமுகத்தில் நேர்ந்தவற்றை மறந்துவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. புதைந்தவர்களில் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும், மாற்றுக் காணியும் வீடும் வழங்கப்படாததால் மக்கள் அங்கேயே இருந்தனர். உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கிய பின்னரே புதிய வீடுகளைப் பெற்றனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண்சரிவு ஏற்பட்டு வீடுகள் அழிந்தன; 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாக்கியது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி ஊற்றாக வெளிவரும் அதே சரிவில்தான், வடிகால் அடைபட்டு நீர் தேங்கும்போது மண் தன் பிடியை இழக்கின்றது. ஊற்றைக் காப்பதும் உயிரைக் காப்பதும் இச்சரிவுகளில் வெவ்வேறு வேலைகள் அல்ல. வடிகால், சரிவின் மரஞ்செடி, குடியிருப்பின் இடத்தேர்வு என்னும் மூன்றும் இரண்டுக்கும் பொதுவானவை.

அருவியால் வரும் பணம் மேலே ஏறுவதில்லை என்பதற்குச் சட்டமும் நீண்ட காலம் துணைநின்றது. தோட்டக் குடியிருப்புகள் தோட்ட நிர்வாகத்தின் எல்லைக்குட்பட்டவை எனக் கருதப்பட்டதால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் ஏனைய கிராமங்களுக்குச் செலவிடுவதுபோலத் தோட்டங்களுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அச்சபைகளுக்கு வாக்களித்த தோட்ட மக்கள் தங்கள் லயன் பாதைக்கோ பீலிக்கோ அவற்றின் நிதியை உரிமையோடு கேட்க இயலாதிருந்தனர். 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டதோடு தடை நீங்கியது. தடை நீங்கியபின் செலவு நிகழ வேண்டும். அதுவே இன்னமும் வேண்டியவாறு நிகழாதது. பல தோட்டங்களில் இன்றும் ஊற்றிலிருந்து நேரே இறங்கும், சுத்திகரிக்கப்படாத நீரே குடிநீர். உலகம் வியந்து பார்க்கும் நீர்வீழ்ச்சியின் தலைமாட்டில் இருக்கும் குடும்பம், உலர்காலத்தில் ஒரு குடத்துக்காகப் பீலியடியில் வரிசையில் நிற்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

ஊற்றை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஊவாவிலேயே பெரிய சான்று உண்டு. உமா ஓயாவின் நீரைச் சுரங்கவழியே தெற்கே திருப்பி 120 மெகாவாட் மின்சாரமும் பாசனமும் பெறுவதற்கான பல்நோக்குத் திட்டத்தில், 2014 டிசெம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாயத் தொடங்கியதும், பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. வற்றிய ஊற்றுகளின் பட்டியலும், அவற்றில் எவை மீண்டன என்ற விவரமும் மக்களின் கைக்கு எட்டும்படி வெளியிடப்பட வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் அன்று போலவே இன்றும் பொருத்தமுடையது.

சுற்றுலாவுக்குத் தடை போட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. காட்டருவி ஒன்றைத் தேடிச் செல்லும் ஆவல் மனித இயல்பில் மிக நல்ல பகுதிகளுள் ஒன்று. அந்த ஆவலோடு வரும் ஒருவர் ஊவாவின் கடைக்காரருக்கும் முச்சக்கரவண்டி ஓட்டுநருக்கும் பிழைப்பைத் தருகின்றார். சீட்டுப் பணமே உள்ளூராட்சிக்குப் போதாமலிருக்கும்போது மேல்மலைக்குப் பங்கிடுவது எப்படி என்று கேட்போரும் உண்டு. அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செலவு வேறொன்று உள்ளது: அது உயிர். தமிழகத்தின் பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது மலையில் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அருவியடியில் வானம் தெளிவாக இருக்கும்போதே மேல்மலையில் கொட்டும் மழை சில நிமிடங்களில் வந்து சேரக்கூடும். அதை முதலில் காண்பவர் கொழுந்து பறிக்கும் மலையில் நிற்பவர். அவரிடமிருந்து அடிவாரத்துக்கு ஒரு தகவல் போய்ச் சேரும் ஒழுங்கு இருந்தால், எந்த எச்சரிக்கைப் பலகையும் செய்ய முடியாத வேலையை அது செய்யும். தோட்ட இளைஞர்களும் பெண்களும் மழைமானி வாசிப்பவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் உயிர்காப்போராகவும் பயிற்றப்பட்டு, ஊதியத்தோடு அமர்த்தப்படுவது சலுகையன்று. பார்வையாளரின் பாதுகாப்புக்கே அது முதற்தேவை.

மலையூற்றை மீட்பது இயலாத காரியம் என்போருக்கு இமயத்தின் அடிவாரமே விடை தருகின்றது. டேராடூன் பள்ளத்தாக்கில், நீரைத் தேக்கிவைக்கும் சுண்ணாம்புப் பாறைகளை வெட்டியெடுத்த சுரங்கங்களால் ஓடைகளும் ஊற்றுகளும் நலிந்தபோது, பல சுரங்கங்களை மூடுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் ஆணையிட்டது. வருவாயும் வேலையும் போய்விடும் என்ற வாதத்தைக் கேட்ட பின்னரே அம்மன்று அந்த முடிவுக்கு வந்தது. சிக்கிம் அரசு 2008இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில், ஊற்றுக்கு நீரூட்டும் மேற்சரிவுகளில் கிடங்குகளும் சிறு அகழிகளும் வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கினர். அதற்கான கூலி ஊரக வேலையுறுதித் திட்டத்திலிருந்து அதே ஊர் மக்களுக்குக் கிடைத்தது. ஊவாவின் சரிவுகளில் இதை அப்படியே பின்பற்ற இயலாது என்பதையும் சொல்ல வேண்டும்: மண்சரிவு ஆபத்துள்ள இடத்தில் நீரை மண்ணுக்குள் இறக்குவது பேராபத்தாக முடியுமாதலால், எச்சரிவில் இறக்கலாம், எச்சரிவில் வடித்துவிட வேண்டும் என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்களைக் கொண்டு முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

பெருந்தோட்டக் காணிகளில் மிகப் பெரும்பகுதி அரசுக்கே சொந்தமானது. 1992இல் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது நிர்வாகமும் அதைத் தொடர்ந்த குத்தகையும் மட்டுமே. ஆகவே ஊற்றுக்கண்ணையும் ஓடைக்கரையையும் சுற்றித் தேயிலையும் களைகொல்லியும் புகாத மரவலயம் ஒன்றை விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காணி உரிமையாளர் என்ற முறையிலேயே அரசு விதிக்கலாம். மாகாண சபை அல்லது மாவட்டச் செயலகம், தியலுமவில் தொடங்கி, அருவிக்கு மேலுள்ள ஊற்றுகளையும் பீலிகளையும் தோட்ட மக்களின் துணையோடு பதிவுசெய்து, அருவியின் வருமானத்தில் வரையறுத்த ஒரு பங்கை அந்தப் பீலிகளின் தூய்மைக்கும் சரிவின் வடிகாலுக்கும் ஒதுக்கி, அதன் வரவுசெலவைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச சபை அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அடுத்த மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கும். மழைமானிகளைப் பொருத்தவும், அவற்றை வாசிப்போரைப் பயிற்றவும், ஆபத்து வலயத்தில் இன்னமும் லயனில் படுத்துறங்கும் குடும்பங்களுக்குக் காணியை அளந்து கொடுக்கவும் அதுவரையுள்ள மாதங்களே இருக்கின்றன.