ஓர் எலும்புத் துண்டுக்கு மகுடம்

கல்லறைக்குள் கிடப்பவன் அரசன். அந்தக் கல்லைச் சுமந்தவன் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஐயாயிரம் ஆண்டுப் பழைய ஒரு கல்லறையைப் பற்றி 2020 ஜூன் மாதம் உலகப் பத்திரிகைகள் போட்டிபோட்டு எழுதிய கதை இதுதான். அயர்லாந்துக் கல்லறை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுங்கள். ‘ஆண்ட பரம்பரை’ என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொண்டு திரியும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

இடத்தின் பெயர் நியூகிரேஞ்ச். டப்ளினுக்கு வடக்கே பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது. கட்டியது கி.மு. 3200 வாக்கில், அதாவது கீசா பிரமிடுகளுக்கும் முன்னால். ஏறத்தாழ 85 மீட்டர் விட்டமுள்ள பெரிய மேடு, அதைச் சுற்றி 97 விளிம்புக் கற்கள். உள்ளே போக 19 மீட்டர் நீளத்தில் குறுகலான கல் நடைவழி, அதன் முடிவில் ஓர் அறை. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் விடியும்போது, வாசலுக்கு மேலே விட்டிருக்கும் சிறு திறப்பு வழியாக வெயில் நுழைந்து அறைத்தரை வரை போகும். 1967-ல் அகழாய்வாளர் ஓ’கெல்லி உள்ளே நின்று இதைப் பார்த்தார்.

இதைக் கட்டியவர்களிடம் உலோகம் இல்லை. சக்கரம் இல்லை. வெள்ளைப் படிகக் கற்களைத் தெற்கே விக்லோ மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். டன் கணக்கில் எடையுள்ள பாறைகளை உருட்டியோ இழுத்தோ படகில் ஏற்றியோ சேர்த்திருக்கிறார்கள். சூரியன் எங்கே உதிக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்து வைத்திருந்தால்தான் அந்தத் திறப்பை அங்கே வைக்க முடியும். விளிம்புக் கற்கள் சிலவற்றில் மேட்டைப் பார்த்துத் திரும்பிய பின்பக்கத்திலும் செதுக்கல்கள் இருக்கின்றன. கட்டி முடித்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத பக்கம் அது. எந்த அரசனுக்குக் காட்ட அதைச் செதுக்கினார்கள்?

இந்தக் கல்லறை வெளியுலகுக்குத் தெரியவந்த விதத்தையும் பாருங்கள். 1699-ல் அந்த நிலத்தின் சொந்தக்காரர் சார்லஸ் கேம்ப்பெல் சாலை போடக் கல் எடுக்கச் சொன்னார். கல் பெயர்த்த கூலியாட்கள் வாசலைக் கண்டார்கள். நிலக்காரர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் ‘கூலியாட்கள்’, அவ்வளவுதான். அதன் பிறகு வந்த கனவான்கள் இதைக் கட்டியது டேனியர்கள் என்றார்கள், ஃபினீசியர்கள் என்றார்கள். அயர்லாந்தின் பழங்குடிகளுக்கு அவ்வளவு அறிவு ஏது என்பதுதான் அதற்குள் இருந்த நினைப்பு. நம் பக்கத்தில் பெருங்கற்காலக் குழிகளைப் ‘பாண்டவர் குழி’ ஆக்கியதும் இதே புத்திதான். கண்ணெதிரே பெரிதாக ஏதாவது இருந்தால் அது பக்கத்துத் தெருக்காரன் செய்ததாக மட்டும் இருக்கவே கூடாது.

இப்போது 2020-க்கு வருவோம். டப்ளின் டிரினிடி கல்லூரி ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அயர்லாந்தின் பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்ததில், நியூகிரேஞ்சில் கிடைத்த ஓர் ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ, பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலிருந்து எங்கே தாவினார்கள் என்பதுதான் விஷயம். எகிப்தின் ஃபாரோக்களும் இன்கா அரசர்களும் சகோதரியை மணந்தார்கள், ஆகவே இவனும் தெய்வ அரசன், ஆகவே இங்கே ஓர் ஆளும் வம்சம் இருந்தது. பத்திரிகைகள் அந்த ‘ஆகவே’ இரண்டையும் பிடித்துக்கொண்டு மகுடம் சூட்டிவிட்டன.

ஆதாரம் என்ன? ஒரு மண்டையோட்டுத் துண்டு. 1699-லிருந்து வருவோர் போவோர் எல்லாம் நுழைந்து கலைத்த அறையில் கிடைத்தது. 2025-ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜெசிகா ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் ‘ஆன்டிக்விட்டி’ இதழில் இதை உடைத்து எழுதினார்கள். இப்படிப்பட்ட கல்லறைகளில் கிடந்தவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் மிகத் தூரத்து உறவு. நெருங்கிய ரத்த உறவு என்று அடுத்தடுத்து அடுக்கிய வம்சம் எதுவும் தெரியவில்லை. அந்த ஒருவரைப் போன்ற இன்னொருவர்கூட அங்கே கிடைக்கவில்லை. ஒரு துண்டு எலும்பை வைத்து ஒரு முழுச் சமூகத்தின் அதிகாரப் படிநிலையை எழுத முடியாது என்பதே அவர்கள் வாதம்.

அம்பேத்கரைப் படித்தவனுக்கு இது உடனே புரியும். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை சாதியின் உயிரை அகமணத்தில் கண்டது. அகமணம் என்பது எங்கோ ஒரு ஜோடி செய்த காரியம் அல்ல. விதவையை என்ன செய்வது, மனைவியை இழந்தவனை என்ன செய்வது என்று ஒவ்வொரு உடலையும் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கும் ஏற்பாடு அது. அப்படி ஒரு மூடிய கூட்டம் இருந்திருந்தால் எலும்புகளில் வரிசையாகத் தெரிய வேண்டும். பாய்ன் ஆற்றங்கரையில் ஒரே ஒருவரிடம்தான் தெரிகிறது. அங்கே ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மேட்டில் மிகச் சிலரின் எலும்புகளே கிடைத்தன, அதற்கு ஏதோ காரணம் இருக்கும். ஆனால் காரணம் என்றாலே கிரீடம்தான் என்று யார் சொன்னது?

அதே 2020 கட்டுரையில் இன்னொரு செய்தி இருந்தது. பத்திரிகைகளில் அது பெரும்பாலும் ராஜா கதைக்குப் பின்னால்தான் வந்தது. அயர்லாந்தின் மேற்கே புல்னப்ரோன் என்ற இடத்தில், நியூகிரேஞ்சைவிடப் பழைய கல்திட்டை ஒன்று உண்டு. அங்கே கிடைத்த ஓர் ஆண் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருந்தது. அந்தக் குழந்தை தாய்ப்பால் குடித்திருக்கிறது. இறந்தபோது மற்றவர்களோடு அதே கல்லுக்கடியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திட்டையின் பெரியவர்களின் எலும்புகளில் மேலுடல் மூட்டுகள் தேய்ந்திருந்தன, பாரம் சுமந்து உழைத்த உடம்புகள். பலர் முப்பது வயதைத் தாண்டவில்லை. ஓர் இடுப்பெலும்பில் கல் அம்புமுனை குத்தியபடியே இருந்தது. ராஜாவைத் தேடியவர்கள் கண்ணில் படாத கல்லறை இது. மூட்டு தேய்ந்தவர்களே உள்ளே படுத்திருக்கிறார்கள்.

‘நாங்களும் ஆண்டவர்கள்தான்’ என்று பேசத் தொடங்கியிருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அந்தக் கல்லறைகளைக் கட்டியவர்களின் மரபணுவில் மிகப் பெரும்பகுதி, கி.மு. 2500-க்குப் பிறகு வந்த மக்களால் அங்கே மாற்றப்பட்டுவிட்டது. இன்றைய அயர்லாந்துக்காரர்களே பெரும்பாலும் அவர்களின் நேர் வாரிசுகள் இல்லை. நம் ஊர்க் கல்வட்டங்களும் தாழிகளும் பெரும்பாலும் இரும்புக்காலத்தவை, அது வேறு கதை, இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் தாழி கிடைத்த மறுநாளே ‘எங்கள் சாதி மன்னன்’ என்று பேனர் கட்டுகிறார்களே, அந்த விளையாட்டில் நாம் போய் உட்கார்ந்தால் ஜெயிப்பது விளையாட்டை உருவாக்கியவன்தான். ஆண்டிருந்தால்தான் மரியாதை என்று ஒப்புக்கொண்ட பிறகு அம்பேத்கர் எதற்கு?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஆதிக்கச் சாதியினர் மறித்ததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஊருக்கெல்லாம் குழி வெட்டச் சொல்லி நம்மைக் கட்டாயப்படுத்தியவர்கள் நம் பிணத்துக்கு வழி விடவில்லை. செத்தவருக்கு யார் இடம் கொடுக்கிறார்கள், யார் தடுக்கிறார்கள் என்ற இந்தக் கேள்வியோடு கல்லறைகளைப் படியுங்கள்.

இனி எங்காவது அகழாய்வு நடக்கும் ஊருக்குப் போனால், தாழியோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். குழிக்குள் நின்று நாள்கூலிக்கு மண் அள்ளும் அக்காக்களிடம் பேசுங்கள். எந்தப் பொருளை யார் முதலில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதி அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.