பொருள் நிறைந்த வீட்டில் ஒரு கேள்வி



நுகர்வு மோகத்தைச் சாடும் கதை என்றாலே ஷாப்பிங் மால், கிரெடிட் கார்டு, தவணை கட்ட முடியாத கணவன், கடைசியில் "அந்தக் காலத்தில் எளிமையாக வாழ்ந்தோம்" என்ற பெருமூச்சு. விறகடுப்பை ஊதிக் கண் சிவந்த உங்கள் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களில் பலர் வீட்டுக்கு முதல் மிக்ஸி, முதல் பிரிட்ஜ் வாங்கியவர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்யும் கதை எனக்கு ஒப்பாது.

வேறு மாதிரி எழுதியவர் கன்னட எழுத்தாளர் விவேக் ஷான்பாக். 2013இல் வந்த அவருடைய 'காச்சர் கோச்சர்' குறுநாவல் தமிழிலும் கிடைக்கிறது.

பெங்களூரில் ஒரு குடும்பம். ரயில் பெட்டி போல வரிசையாக அறைகள், எறும்புத் தொல்லை. அப்பா டீத்தூள் விற்பனைப் பிரதிநிதி. ஒருவர் அதிகம் செலவழித்தால் எல்லோருக்கும் கை கடிக்கும். அதனால் ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியும். அப்பாவின் வேலை போகிறது. சித்தப்பாவின் மசாலா வியாபாரம் ஓகோவென்று நடக்கிறது. பெரிய வீடு, தேவையா என்று கேட்காமலே வந்து குவியும் சாமான்கள். கதை சொல்லும் மகனுக்குக் கம்பெனியில் பேருக்கு ஒரு பதவி. வேலை செய்யாமலே சம்பளம்.

சித்தப்பாவைத் தேடி ஒருநாள் ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள். வீட்டுப் பெண்களே அவளைத் திட்டி விரட்டுகிறார்கள். சம்பாதிப்பவர் மனம் கோணக் கூடாதே! இது நியாயமா என்று கேட்பவள் மருமகள் அனிதா ஒருத்திதான். அதற்குமேல் கதையைச் சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்.

"அப்படியானால் வறுமைதான் நல்லதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பொருள் வந்ததை ஆசிரியர் குறை சொல்லவில்லை. வந்த பொருள் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் வீடே வாயை மூடிக்கொள்வதைக் காட்டுகிறார். நம் கதைகள் பெரும்பாலும் கடை வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இவர் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்து பார்க்கிறார்.

உங்கள் வீட்டில் சம்பளம் வாங்காத ஒருவர், அம்மாவோ மனைவியோ மகளோ, "இது நமக்கு வேண்டாம்", "இந்தப் பணம் எப்படி வந்தது?" என்று பயமில்லாமல் கேட்க முடிகிறதா? முடிந்தால் எத்தனை டிவி வேண்டுமானாலும் வாங்குங்கள், எனக்குக் கவலையில்லை.

படித்தவர்கள் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்!