இணைய மாதிரி அரசில் அடைமொழிகள் வேண்டாம்: எங்கள் நிலைப்பாடு

எங்கள் இணைய மாதிரிச் சட்டமன்றத்தில் முதலமைச்சர், அமைச்சர்கள், பேரவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர் என எவர் பெயருக்கு முன்னும் 'மாண்புமிகு', 'மேதகு' போன்ற அடைமொழிகள் இனி வேண்டாம் என்று ஒருங்கிணைப்புக் குழு முடிவெடுத்திருக்கிறது. பதவிப் பெயரே போதும். இந்த முடிவால் உறுப்பினர்கள் பலருக்கு வருத்தம். ஆகவே காரணங்களை அவர்கள் முன்னும், இதுபோன்ற மன்றங்களை நடத்தும் மற்றவர்கள் முன்னும் வைக்கிறோம்.

எங்களிடம் வந்த எதிர்வாதங்களில் வலுவானது இது: "உண்மையான பேரவையில் 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்றுதான் பேசத் தொடங்குகிறார்கள். அதைப் பழகத்தானே இங்கே வந்தோம்?" நியாயமான கேள்வி. ஆனால் இங்கே பழக வேண்டியவை கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, வெட்டுத் தீர்மானம், மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்து விவாதிப்பது. அடைமொழியை எடுத்துவிட்டால் இவற்றில் எதுவும் குறைந்துபோவதில்லை.

உண்மையான அமைச்சருக்குத் துறை உண்டு, கோப்பு உண்டு, அதிகாரிகள் உண்டு, சம்பளமும் காரும் உண்டு. அடைமொழி அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருவது. எங்கள் நிதியமைச்சர் கையெழுத்திட்டால் ஒரு ரூபாய்கூட எங்கும் நகராது. பதவியால் அவர் கையில் கிடைப்பது அந்த அடைமொழி ஒன்றுதான். அதனாலேயே இங்கே அதன் மதிப்பு அளவுக்கு மீறி ஏறிவிடுகிறது. கூட்டணிப் பேச்சில் எந்தத் துறை, என்ன கொள்கை என்பதைவிட யாருக்கு என்ன பட்டம் என்பதில்தான் நேரம் போகிறது. வேலையே இல்லாத துணைப் பதவிகள் முளைக்கின்றன. பதவிக்காலம் முடிந்தவர்களும் அடைமொழியை விட மனமில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். இவை எல்லாவற்றையும் எங்கள் மன்றத்திலேயே பார்த்துவிட்டோம்.

இன்னொன்றையும் பார்த்தோம். போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கையின்போது ஒரு பள்ளி மாணவி கேள்வி பதிவிட்டார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, தங்கள் வாயிலாக மாண்புமிகு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களின் மேலான கவனத்திற்கு" என்று மூன்று வரி ஓடியது. கடைசியில் 'கிராமப்புறப் பேருந்து வசதி' பற்றிப் பொத்தாம்பொதுவாக அரை வரி. அமைச்சரின் பதிலும் நன்றியிலும் பாராட்டிலும் முடிந்துபோனது. அதே மாணவி அன்று மாலை அரட்டைப் பகுதியில் எழுதியது: "எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கே போயிடுது. டியூஷன் முடிஞ்சு வர்றவங்க எப்படி வீட்டுக்குப் போறது?" அவையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். அதைக் கேட்கும் துணிவும் சொல்வளமும் அவரிடம் இருந்தன. நாங்கள் வைத்திருந்த மரபு அவற்றை விழுங்கிவிட்டது.

பெயர் எழுதுவதிலும் சிக்கல் இருந்தது. எங்கள் மன்றம் நடக்கும் டிஸ்கார்டு தளத்தில் பெயருக்கு 32 எழுத்துக்குறிகள்தான் இடம். ஒற்றுப் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'மாண்புமிகு நிதியமைச்சர்' என்று போட்டாலே 23 போய்விடும். 'கார்த்திகா' என்ற பெயரை அதற்குப் பின் முழுதாக எழுத முடியாது. பட்டத்துக்காக ஆளின் பெயரை வெட்டிக்கொண்டிருந்தோம்.

உண்மையான அரசுகளும் இந்தச் சுமையை இறக்கிவைத்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் உறுப்பு, ராணுவ, கல்வித் தகுதிகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதைத் தடை செய்கிறது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2012இல், உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தம்மை 'எக்ஸலன்ஸி' என அழைக்கும் வழக்கத்தைக் கைவிடச் செய்தார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு தம்மை 'மை லார்டு' என்று அழைக்க வேண்டாம் என வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். அதனால் அவரது நீதிமன்றத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை.

எங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது 1789இல் அமெரிக்காவில் நடந்தது. அரசே அப்போதுதான் பிறந்திருந்தது. செய்ய வேண்டிய வேலை மலையாய்க் குவிந்திருந்தது. ஆனால் துணைக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் ஆர்வத்தால் செனட் சபை, குடியரசுத் தலைவர் வாஷிங்டனை எப்படி அழைப்பது என்ற வாதத்தில் இறங்கியது. 'மேன்மை தங்கிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர், அவற்றின் சுதந்திரங்களின் காவலர்' என்ற பாணியில் ஒரு நீண்ட பட்டத்தைச் செனட் குழு பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபை மறுத்து, பதவிப் பெயரோடு நிறுத்தியது. அதிகாரம் இன்னும் கைக்கு வராத இடத்தில்தான் பட்டத்தின் மீது ஆசை பெருகும் என்பதற்கு எங்கள் மன்றமும் சாட்சி.

பக்கத்திலேயே, கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து இருக்கிறது. அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்று அழைக்கத் தேவையில்லை என்று 2021இல் அங்கே ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பதவிப் பெயரையோ பெயரையோ சொல்லலாம், சேட்டன் (அண்ணன்), சேச்சி (அக்கா) என்றும் கூப்பிடலாம் என்றார்கள்.

உறவு முறையில் மட்டும் மாத்தூரிலிருந்து விலகுகிறோம். எங்கள் அவையில் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் சமமாக உட்காருகிறார்கள். 'தம்பி, உனக்குத் தெரியாது' என்று ஒருவர் தொடங்கினால், 'பாப்பா' என்று ஒரு பெண் உறுப்பினரை அழைத்தால், வாதம் அங்கேயே சாய்ந்துவிடுகிறது. ஆகவே அவைக்குள் தம்பி, பாப்பா, அண்ணா, சார் எதுவும் வேண்டாம். எல்லாருக்கும் 'நீங்கள்', எல்லாருக்கும் 'அவர்கள்'. நாங்கள் மரியாதையைக் குறைக்கச் சொல்லவில்லை, சிலருக்கு மட்டும் கூட்டிக் கொடுப்பதை நிறுத்தச் சொல்கிறோம். அரட்டைப் பகுதியில் அவரவர் பழக்கம்போல் அழைத்துக்கொள்ளலாம்.

நிர்வாகிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்வரின் சாவி அவர்கள் கையில். யாரையும் பேசவிடாமல் செய்யலாம், வெளியேற்றலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கு இல்லாத அதிகாரம் அது. அதற்கு அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவுமில்லை. 'நிறுவனர் பெருந்தகை', 'வாழ்நாள் புரவலர்' போன்ற பெயர்கள் அந்த அதிகாரத்துக்குப் பூ வைத்து மறைக்கின்றன. எனவே அவர்களுக்கு 'நிர்வாகி' என்ற ஒரே பெயர்தான். இந்த அறிக்கையில் கையெழுத்திட்டிருக்கும் நிர்வாகிகளும் இதை ஏற்றிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்து இது நடைமுறைக்கு வரும். பெயருக்கு முன் அடைமொழியைத் தானாகச் சேர்க்கும் பாட் அன்று நிறுத்தப்படும். வினா, தீர்மானம், மசோதா ஆகியவற்றின் மாதிரிப் படிவங்கள் 'பேரவைத் தலைவர் அவர்களே' என்றே தொடங்கும். பதவி முடிந்தவர்கள் ஆவணங்களில் 'முன்னாள்' என்று குறிக்கப்படுவார்கள். பழைய அவைக் குறிப்புகளில் கை வைக்க மாட்டோம். பழக்கத்தில் யாராவது 'மாண்புமிகு' என்று எழுதிவிட்டால் அதற்காக அவரை இடைமறிக்கவோ, ஒழுங்குப் பிரச்சினை எழுப்பவோ, பதிவை நீக்கவோ கூடாது. அவர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்.