கொண்டையில் ஏறிய ஈர்க்கு!

பசிபிக் மாக்கடலின் நடுவே இருக்கின்றன, சமோவா தீவுகள். அங்கே சீப்புக்குப் பெயர், "செலு". தலை வாருவதோடு செலுவின் வேலை முடிவதில்லை. பெண்கள் கொண்டை போட்டு, அதில் செலுவைச் செருகிக்கொள்வார்கள். பூ வைப்பது போல!

பழைய செலு ஒன்று, தென்னை ஈர்க்கினால் ஆனது. ஈர்க்குகளை வரிசையாக அடுக்கி, மேல் பாதியை நாரினால் பின்னிக் கட்டுவார்கள். கீழ்ப் பாதிதான் பல். அங்கே வீடு கூட்டும் துடைப்பமும் அதே ஈர்க்குதான்!

ஆமை ஓட்டிலும் செலு செய்தார்கள். அழுங்காமையின் ஓடு அது. கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால், சீப்புக்காக ஆமையின் உயிர் அல்லவா போயிற்று! உலகம் எங்கும் அந்த ஆமை அருகிவிட்டது. 1977-ம் ஆண்டு முதல், அழுங்காமை ஓட்டை நாடு விட்டு நாடு விற்பதற்குப் பன்னாட்டு ஒப்பந்தம் தடை போட்டது.

தடை சரியே. "பரம்பரை வழக்கம் போய்விடுமே!" என்று கேட்கலாம். போகவில்லை. இப்போது பிளாஸ்டிக் செலு கொண்டையில் ஏறிவிட்டது. (அழகு சற்றுக் குறைவுதான்!) பிளாஸ்டிக்கை விட ஈர்க்குச் செலு மேல். அழுங்காமை வளர்ந்து முட்டையிட, 20 ஆண்டுக்கு மேல் ஆகும். தென்னை மரமோ, ஓலையை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.