பரிசு எந்த வயதில் வரவேண்டும்?

எட்டயபுரத்து அவையில் சுப்பிரமணியன் என்ற பதினொரு வயதுச் சிறுவனுக்குப் ‘பாரதி’ என்னும் பட்டம் 1893-இல் கிடைத்தது. அச்சில் ஒரு நூலும் வந்திராத காலம். ஜமீன் தர்பாரைப் போற்றுவது என் நோக்கமன்று. ஆயினும், முளைவிடும்போதே ஒரு கவிஞனை இனங்கண்டு ஊரறியச் சொன்னார்களே, அதை மறுக்க இயலாது.

அதன்பின் இக்கரிசல் மண்ணின் எழுத்தாளர்களைச் சாகித்திய அகாதெமி எப்போது கண்டுகொண்டது என்று பாருங்கள். கு. அழகிரிசாமிக்கு 1970-இல், மறைவுக்குப் பிறகு. அதே இடைசெவலின் கி.ரா.வுக்கு 1991-இல், எழுபதை நெருங்கிவிட்டார். பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019; இருவருமே அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். இவை வாழ்நாள் உழைப்புக்கான மாலைகள். வேண்டியவையே. ஆனால் இரண்டாவது நூலை எழுதலாமா, திருப்பூருக்கு வேலைக்குப் போகலாமா என்று தவிக்கும் இருபத்தேழு வயதுக்காரனுக்கு இவற்றால் ஆவதொன்றுமில்லை.

‘பரிசா கி.ரா.வை எழுத வைத்தது?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் நாம் எண்ணிப் பார்ப்பது எழுதி நின்றவர்களை மட்டுமே. இரண்டு கதையோடு நின்றுபோனவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? அந்தக் கி.ரா.வே இளையவர்களையும் சேர்த்துக் ‘கரிசல் கதைகள்’ தொகுத்தார். விருது என்ற பெயரில்லாத விருது அது.

அகாதெமியும் 2011 முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு யுவ புரஸ்கார் வழங்குகிறது. நல்லதே. எனினும் தமிழ் முழுமைக்கும் ஆண்டுக்கு ஒன்று.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம் 1993 முதல் கிளெமென்ஸ் பிரெண்டானோ பரிசை அளித்து வருகிறது. முதல் நூல்களால் கவனம் பெற்ற இளம் படைப்பாளிகளுக்கானது; பத்தாயிரம் யூரோ. சிறுகதை, கட்டுரை, நாவல், கவிதை என வகைமை ஆண்டுதோறும் மாறும். என்னை ஈர்த்தது தொகையன்று. நடுவர் குழுவில் விமர்சகர்களோடு அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய இலக்கிய மாணவர்களும் அமர்கிறார்கள்!

கோவில்பட்டியில் 2022-இல் அரசு கி.ரா.வுக்கு நினைவரங்கம் திறந்தது. அங்கே வைத்து வழங்கத்தக்க ஒரு கரிசல் இளம் படைப்பாளர் பரிசு வேண்டும் என்பதும், கோவில்பட்டி, தூத்துக்குடிக் கல்லூரிகளின் தமிழ் மாணவர்கள் அதன் நடுவர்களாக இருக்கவேண்டும் என்பதும் என் கட்சி. வெளியூர் வாசகருக்காகக் கி.ரா. வட்டார வழக்கு அகராதியே தொகுக்க வேண்டியிருந்தது. கம்மாய்க் கரையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அகராதி வேண்டாம். எது உண்மையான பேச்சு, எது ஒட்டவைத்த வட்டார மணம் என்பது முதல் பக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தேர்வுக்காக மட்டுமே நாவல் படிக்கும் வழக்கமும் சற்றுத் தளரலாம் (வகுப்பறையில் நிற்பவனின் பேராசை).

சாதியும் சிபாரிசும் நுழையாதா? நுழையப் பார்க்கும். மூத்த நடுவர்களை மட்டும் அவை விட்டுவைத்தனவா என்ன? தேர்வுக்கான காரணத்தை ஒவ்வொரு நடுவரும் தம் பெயரிட்டு எழுதி வெளியிடட்டும். அந்தக் கட்டுப்பாடு போதும்.

தொகை ஐம்பதாயிரமே ஆகட்டும், முன்னாள் மாணவர்கள் கூடினால் திரட்டிவிடலாம். முதல் ஆண்டு சிறுகதைக்குக் கொடுப்போம். இந்த மண்ணுக்கு அதுதான் கைவந்த வடிவம்.