பிறையும் பூமியின் நிழலும்

"பிறை தேய்வது பூமியின் நிழலால்" எனப் பயான்களில் சிலர் இன்றும் முழங்குகின்றனர். இதனை நாம் மறுக்கிறோம். அந்நிழல் சந்திரன்மீது விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. சந்திரனின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளி பெறுகிறது. அது பூமியைச் சுற்றிவர, அப்பாதியில் நமக்குத் தெரியும் பங்கே கூடிக் குறைகிறது.

தலைப்பிறையைப் பாருங்கள். மக்ரிபுக்குப் பின் மேற்கு வானில், மறைந்த சூரியனை நோக்கிய பக்கமே ஒளிர்கிறது. பூமியின் நிழலோ அவ்வேளையில் கிழக்கே கிடக்கிறது. அது மேற்கிலுள்ள பிறையை எவ்வாறு மறைக்கும்?

சந்திரனின் ஒளி குறித்து ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்பே தனி நூல் யாத்தவர் இப்னுல் ஹைதம். அவர் வழிவந்த சமுதாயத்தின் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒன்றும் பள்ளிவாசலில் வேறொன்றும் கேட்டால், மார்க்கத்தின் மீதே ஐயம் கொள்வான். அல்லாஹ் காலக்கணக்குக்கென அமைத்த பிறையை, அறிந்து பேசுவோம்; அறியாவிடில் மௌனம் காப்போம்.